இருநூற்றைம்பத்தேழாம் எண் அட்டை

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகிற சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த மார்பு நோய் மருத்துவமனை இருந்தது. நாற்பது படுக்கை. ஜெபகுமார் அங்கே பதிவேட்டு எழுத்தராகச் சேர்ந்த நாள் 1986 ஜூலை 7, திங்கட்கிழமை. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. அன்று காலை அவர் செய்த முதல் வேலை, சட்டையைக் கழற்றிவிட்டு எக்ஸ்ரே மெஷின் முன்னால் நின்றதுதான்.

அங்கே அது வழக்கம். புதிதாகச் சேர்கிறவர் டாக்டரானாலும் தோட்டக்காரரானாலும் நோயாளியைப் போலவே அவருக்கும் ஓர் அட்டை போட்டு, நெஞ்சைப் படம் எடுத்துவிடுவார்கள். வருடம் ஒரு தடவை மறுபடியும் எடுப்பார்கள். புது மெஷின் வந்தாலும், புது முறை வந்தாலும் முதல் சோதனை ஊழியர் மேல்தான். "கோளாறு இருந்தா முதல்ல நம்ம மேல விழட்டும்" என்று முதல் கண்காணிப்பாளர் சொல்லி வைத்தார். பின்னால் வந்த யாரும் அதை மாற்றவில்லை. நோயாளியின் அட்டையை எடுத்துச் சோதனை பார்ப்பது அங்கே பெரிய குற்றம்.

ஜெபகுமாருக்குக் கிடைத்த அட்டையின் எண் 257.

1991இல் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று தனக்கு வேண்டாத பெரிய கம்ப்யூட்டரைக் கப்பலில் அனுப்பியது. ஆள் உயரம், கதவு வைத்த உடம்பு. எல்லோரும் அதை 'பீரோ' என்றே கூப்பிட்டார்கள். ஜெபகுமார் மேற்குத் தாம்பரத்தில் மாலை வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தார். பீர்க்கன்கரணையிலிருந்து சைக்கிளில் போய்வந்து, இரண்டு வருடம். அதன் பிறகு பழைய அட்டைகளை ஒவ்வொன்றாகப் பீரோவுக்குள் ஏற்றினார். ஒன்றை ஏற்றியதும் ஒரு தடவை சரிபார்ப்பார், மறுநாள் காலையில் இன்னொரு தடவை. 2001 டிசம்பர் 31 முடிய 41,306 அட்டைகள். அவர் ஏற்றியதில் ஓர் எண்கூடத் தப்பாகப் போனதில்லை என்று மருத்துவமனையில் பெயர். அந்தப் பெயர் அவருக்கு உள்ளூரப் பிடித்திருந்தது.

அந்த வருடக் கடைசியில் ஆறு புது கம்ப்யூட்டர்கள் வந்தன. மேசைமேல் வைக்கிற, எல்லாக் கடைகளிலும் விற்கிற வகை. இனி வருகிற எல்லோருக்கும் புது மெஷினில் புது எண்ணில் அட்டை. பழைய பதிவுகள் பீரோவிலேயே இருக்கும். இரண்டும் ஒரு கம்பி வழியாகப் பேசிக்கொள்ள வேண்டும். பேச வைக்கிற புரோகிராமை எழுதும் பொறுப்பு ஜெபகுமாருக்கு வந்தது.

அதில் ஒரு சிக்கல். கம்ப்யூட்டரின் ஓர் அறைக்குள் 255 வரைதான் வைக்க முடியும். அதற்கு மேற்பட்ட எண்ணுக்கு இரண்டு அறை வேண்டும். ஓர் அறையில் எத்தனை 256 என்பது இருக்கும், அடுத்ததில் மிச்சம் எவ்வளவு என்பது இருக்கும். பீரோ பெரிய பங்கை முதலில் வைக்கும், மிச்சத்தைப் பிறகு வைக்கும். புது மெஷினுக்கு நேர்மாறான பழக்கம். மிச்சம் முதலில், பெரிய பங்கு பிறகு. 258 என்றால் ஒரு 256, மிச்சம் இரண்டு. பீரோ அதை 'ஒன்று, இரண்டு' என்று அனுப்பும். புது மெஷின் அதைத் தன் பழக்கப்படி இரண்டு 256, மிச்சம் ஒன்று என்று படித்து 513 ஆக்கிவிடும். இரண்டு மெஷின் மேலும் தப்பில்லை. ஒன்று வீட்டு விலாசத்தை ஊரிலிருந்து ஆரம்பித்துச் சொல்கிறது, மற்றது கதவு எண்ணிலிருந்து ஆரம்பித்துக் கேட்கிறது. விலாசமானால் கேட்கிறவனுக்கு உடனே புரிந்துவிடும். வெறும் எண்ணைப் பார்த்தால் எந்தப் பக்கத்திலிருந்து சொன்னது என்று தெரியாது.

ஜெபகுமார் ஒரு விதி வகுத்தார். கம்பியில் போகிற எண் எதுவானாலும் பெரிய பங்குதான் முதலில் போக வேண்டும். புது மெஷின் அனுப்பும்போதும் வாங்கும்போதும் புரட்டிக்கொள்ள வேண்டும். விதியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். கம்பியில் போக வேண்டிய எண்கள் மொத்தம் ஏழு வகை. ஏழையும் புரட்டுவதற்கு எழுதிவிட்டு, ஏழுக்கும் எதிரே டிக் போட்டார்.

2002 ஜனவரி 12, சனிக்கிழமை. பொங்கல் விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாள். சாயங்காலம் நாலரை மணிக்கு டாக்டர் ஸ்ரீநிவாசன் உள்ளே எட்டிப்பார்த்தார்.

"ஜெபகுமார், ஒரு சின்ன விஷயம். திரும்பி வர்ற பேஷண்டுக்குப் பழைய ஃபைல் வேணும்னா இப்பவும் கவுன்டர்லேருந்து சாமுண்டீஸ்வரி எழுந்து பீரோகிட்ட நடந்துதானே வரணும்? பழைய அட்டை நம்பரை அவங்க மெஷின்லயே போட்டா அங்கேயே வந்துடாதா?"

"வந்துடும் சார். போட்டுடலாம்."

கம்பியில் போகிற எட்டாவது எண்ணாகப் பழைய அட்டை எண் அப்படித்தான் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு காவலும் வைத்தார் ஜெபகுமார். பக்கத்து வீட்டுக்காரரின் அட்டை எண்ணைச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. ஆகவே பீரோவிலிருந்து வருகிற பதிவில் பெயர் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பதிவைக் காட்டாமல் 'பழைய பதிவு இல்லை' என்று மட்டும் திரையில் வர வேண்டும். ஒருவர் நோயை இன்னொருவர் ஃபைலில் காட்டிவிடக் கூடாது அல்லவா? இந்தக் காவலை யோசித்து எழுதியதில், எட்டாவது எண்ணைப் புரட்டும் வரியை எழுத மறந்துபோனார்.

சோதனைக்கு, வழக்கப்படி, தன் அட்டையையே எடுத்தார். 257 என்று அடித்தார். பெயர், வயது, பதினாறு வருடப் படங்களின் குறிப்பு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கவுன்டரில் உட்கார்ந்திருந்த சாமுண்டீஸ்வரி சிரித்தாள்.

"பீரோவுக்குக் காது நல்லாத்தான் கேக்குது போல."

எட்டாவதற்கும் டிக் போட்டுவிட்டு ஜெபகுமார் வீட்டுக்குப் போனார். 17ஆம் தேதி வியாழக்கிழமை புது முறை ஆரம்பமாயிற்று.

ஐந்து மாதம் கழித்து, ஜூன் 10ஆம் தேதி திங்கட்கிழமை, ஈஞ்சம்பாக்கம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மாரி என்கிற மீனவரை அவர் மனைவி எல்லம்மா அழைத்து வந்தாள். கூடவே மாரியின் தம்பி ஆனந்தன். மாரி 1997இல் இதே மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தவர். அட்டை கடல் தண்ணீரில் ஊறிக் கரைந்துவிட்டது. ஆனால் எண் போகவில்லை. படகுக்கு அடித்து மிச்சமிருந்த நீலப் பெயிண்டால் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தாள் எல்லம்மா. விற்கப் போகிற மீன் கூடையைத் தலையில் தூக்கும்போதெல்லாம் கண்ணில் படும். மனப்பாடமாகச் சொன்னாள்.

"பதினெட்டாயிரத்தி நானூத்தி முப்பத்தேயி."

சாமுண்டீஸ்வரி அடித்துப் பார்த்தாள். "பழைய பதிவு இல்லைன்னு வருதும்மா. நம்பர் தப்பு."

"அதெப்படி தப்பாவும்? செவுத்துலயே எய்தி வச்சிக்கீறேன். இன்னொரு தபா போட்டுப் பாரு தாயி."

இன்னொரு தடவையும் அப்படியே வந்தது. ஆனந்தன் பல்லைக் கடித்தான். "ஒரு நம்பரு நெனப்பு இல்ல உனுக்கு. மீன் வெலய மட்டும் கரெக்டா வச்சிக்கினு இரு."

டாக்டரிடமும் எல்லம்மா சொல்லத்தான் செய்தாள். அப்போ வேற மாத்திரை குடுத்தாங்க, ஊசி போட்டாங்க, முதல்ல குடுத்தது கேக்கலைன்னாங்க என்றாள். எந்த மாத்திரை என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இருமல் மாத்திரை தின்றவர்கள்கூட அப்படிச் சொல்வதுண்டு. ஸ்ரீநிவாசன் பதிவைப் பார்த்தார். பதிவு இல்லை. புது நோயாளிக்குக் கொடுக்கிற மருந்தை எழுதினார்.

அந்த மருந்தில் முக்கியமான இரண்டு மாரியின் உடம்பில் வேலை செய்யாது என்று 1997இலேயே சோதித்து எழுதியிருந்தது. எழுதியது பீரோவுக்குள் இருந்தது.

2003 பிப்ரவரியில் மாரி எழுந்து உட்கார முடியாமல் போனார். சளியை வெளியே அனுப்பிச் சோதித்து முடிவு வந்ததும் டாக்டர் வருத்தத்தோடு குடும்பத்தாரிடம் சொன்னார். "பழைய நம்பரைச் சரியாச் சொல்லியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். வேற மருந்து குடுத்திருக்கலாம்." அவர் மனதறிந்து யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அதற்கு வேறு உருவம் வந்திருந்தது. மார்ச் 4ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மாரி இறந்தார்.

மார்ச் 15, சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எல்லம்மா கவுன்டருக்கு வந்தாள். கூடை இல்லை. சாமுண்டீஸ்வரிக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் அவளை ஜெபகுமாரின் அறைக்கு அனுப்பினாள். ஜெபகுமார் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"சார், நீதான் கம்ப்யூட்டர் சாராமே. பதினெட்டாயிரத்தி நானூத்தி முப்பத்தேயி. அந்த நம்பரு கீதா, இல்லியான்னு பாத்துச் சொல்லு. நான் நம்பரத் தப்பா சொல்லி ஆளக் கொன்னுட்டேனாம். மாமியாக்காரி மொவத்துலயே முயிக்க மாட்டேன்னுது. புதன்கெயம பதினாறாம் நாளு காரியம். எல்லாரும் கூடுவாங்கோ. அன்னிக்கி என்னிய வெளிய அனுப்பிடுவாங்கோ சார். சொன்ன நம்பரு சரிதான்னு ஒரு காய்தத்துல எய்திக் குடு. வேற ஒண்ணும் வேணாம்."

பீரோ அந்த அறையிலேயே இருந்தது. கம்பி வழியாகக் கேட்காமல் அதிலேயே நேராக 18437 என்று அடித்தார் ஜெபகுமார்.

மாரி. வயது 31. ஈஞ்சம்பாக்கம் குப்பம். கீழே 1997 அக்டோபர் மாதத்து வரி: இரண்டு மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பயன் இல்லை'. தட்டியது ஜெபகுமாரின் கைதான். மறுநாள் காலையில் சரிபார்த்த அடையாளம்கூட ஓரத்தில் இருந்தது.

பிறகு புது மெஷினில் உட்கார்ந்து அதே எண்ணை அடித்தார். 'பழைய பதிவு இல்லை.'

ஒரு தாளை எடுத்து 18437ஐ 256ஆல் வகுத்தார். எழுபத்திரண்டு, மிச்சம் ஐந்து. புரட்டிப் போட்டார். ஐந்து 256, மிச்சம் எழுபத்திரண்டு. 1352. பீரோவில் 1352ஐப் பார்த்தார். முத்தாலம்மாள், வயது 61, மாடம்பாக்கம். ஒன்பது மாதமாக மாரியைக் கேட்டபோதெல்லாம் முத்தாலம்மாள் வந்து கதவருகே நின்றிருக்கிறாள். பெயர் ஒக்கவில்லை என்று அவர் வைத்த காவல் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு, யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறது.

அப்படியானால் சோதனையில் எப்படி வந்தது? தாளின் கீழ்ப்பகுதியில் 257ஐ வகுத்தார். ஒன்று, மிச்சம் ஒன்று. எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒன்று, ஒன்று. இருக்கிற நாற்பத்தோராயிரம் எண்களில் இப்படிப்பட்டவை நூற்றறுபதுதான் தேறும். கோளாறு இருந்தால் முதலில் தன்மேல் விழட்டும் என்று எடுத்த அட்டை, கோளாறு தொடவே முடியாத அட்டை.

"இன்னா சார்? கீதா?"

ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். பேனா கையிலேயே இருந்தது. ஜெபகுமார் அவள் முகத்தைப் பார்க்காமல் தாளை மடித்தார்.

"மேலிடத்துல கேக்கணும்மா. நாளைக்கு ஞாயிறு. திங்கட்கிழமை வாங்க."

"கீதா இல்லியான்னு சொல்றதுக்கு மேலிடம் இன்னாத்துக்கு சார்? நீதான பாத்த?"

"திங்கட்கிழமை வாங்கம்மா."

"எடையில பத்து கிராம் கொறஞ்சா எங்கள இன்னா பேச்சு பேசுறீங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று பிற்பகல் ஜெபகுமார் அதுவரை பீரோவிடம் கேட்கப்பட்ட 412 வினாக்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். புது முறை ஆரம்பித்ததிலிருந்து பழைய எண்ணைச் சொன்னவர்கள் அத்தனை பேர். பதிவு கிடைத்தது இரண்டே பேருக்கு. அந்த இரண்டு எண்களும் 257ஐப் போன்றவை. அந்த இரண்டு பேருக்கு வந்ததால்தான் மற்றவர்கள் தப்பாகச் சொல்கிறார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். மிச்சம் 410இல் உண்மையாகவே தப்பான எண் ஐம்பத்தேழு. 353 பேர் சரியான எண்ணைத்தான் சொன்னார்கள். அவர்களைப் பொய்யராக்கியது ஒரு வரி. இல்லாத ஒரு வரி.

அந்த வரியை எழுதிச் சேர்க்க நாலு நிமிடம் ஆயிற்று.

வீட்டில் ஜெபகுமார் தன் மனைவி புஷ்பலதாவிடம் சொன்னார். அவர் பெருங்களத்தூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தம்மா எதிர்ல நிக்கும்போதே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சுமா திங்கட்கிழமை வாங்கன்னீங்க?"

மறுநாள் ஜெபகுமார் சர்ச்சுக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை அறக்கட்டளைச் செயலாளர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "சரி பண்ணிட்டீங்க இல்ல? அதோட விடுங்க. எழுத்துல ஒண்ணும் குடுக்காதீங்க. வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

"புதன்கிழமைக்குள்ள வேணும் சார். அந்தம்மாவை வீட்டைவிட்டு அனுப்பப் போறாங்க."

"அது அவங்க குடும்ப விஷயம், மிஸ்டர் ஜெபகுமார். முன்னூத்தைம்பத்து மூணு பேர்னு வெளியில தெரிஞ்சா நாளைக்கு ஆஸ்பத்திரியே இருக்காது. அப்புறம் இருக்கிற நோயாளிங்க எங்க போவாங்க?"

அன்று எல்லம்மா வந்தாள். வாசலிலேயே காவல்காரர் நிறுத்திவிட்டார். ஜெபகுமார் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். கீழே இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் வந்தாள். புதன்கிழமை வரவில்லை.

வக்கீலிடமிருந்து பதில் வந்தபாடில்லை. 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஜெபகுமார் கோடு போட்ட வெள்ளைத் தாளில் தன் கையால் எழுதினார். 'எல்லம்மா அவர்கள் 10-6-2002 அன்று சொன்ன பழைய அட்டை எண் 18437 சரியானது. அது மாரி அவர்களுடைய எண்ணே. பதிவு கிடைக்காமல் போனதற்கு நான் எழுதிய புரோகிராமில் இருந்த பிழையே காரணம். எல்லம்மா மீது எந்தத் தவறும் இல்லை.' பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கீழே ஊழியர் அட்டை எண் 257 என்று எழுதினார். இரண்டு பஸ் மாறிக் குப்பத்துக்குப் போனபோது மணி பதினொன்றே முக்கால்.

வீட்டை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. வெளிச்சுவரில் நீலப் பெயிண்டில் ஒரு முழ உயரத்துக்கு 18437 இருந்தது. யாரோ அதன்மேல் கரியால் குறுக்கே கோடு இழுத்திருந்தார்கள். வாசலில் மாரியின் தாயார் கங்கையம்மாள் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆனந்தன் தாளை வாங்கினான். எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து, இந்தத் தடவை மெதுவாக, படித்தான்.

"அப்போ அவ சொன்னது சரிதானாடா?" என்றாள் கங்கையம்மாள்.

ஆனந்தன் தாளிலிருந்து தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தான்.

"எல்லம்மா எங்கேம்மா?" என்று ஜெபகுமார் கேட்டார்.

"காரியத்தன்னிக்கே அடிச்சித் தொரத்திட்டோமே சார்." கிழவி மண்ணைப் பார்த்துச் சொன்னாள். "தலைமயிரப் புடிச்சி இஸ்துக்கினு போயி ரோட்டுல வுட்டான் இவன். நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"எங்க போனாங்க?"

"பயவேற்காட்டுல அண்ணன்காரன் இருந்தான். அவனும் செத்துட்டான்னு சொல்லிக்கிறாங்கோ. இன்னா கண்டோம்?"

ஆனந்தன் திடீரென்று சீறினான். "காரியத்துக்கு மின்ன இத்த எடுத்தாந்திருந்தா இன்னா சார்? கையி ஒடிஞ்சா பூட்ச்சி?" தாளை அவர் பக்கம் நீட்டினான். "எங்களுக்கு எதுக்கு இது? அவளாண்ட போயிக் குடு."

ஜெபகுமார் தாளை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பழவேற்காட்டுக்கு ஏப்ரலில் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை போனார். அண்ணன் இறந்தது உண்மை. எல்லம்மா வந்ததாக யாரும் சொல்லவில்லை. நடுவில், செயலாளர் சொன்னதை மீறி, மாரி போக மற்ற 352 பேருக்கும் தன் கையால் தபால் அட்டை எழுதிப் போட்டார். இன்னாருடைய பழைய பதிவு கிடைத்துவிட்டது, உடனே வந்து டாக்டரைப் பாருங்கள் என்று நாலு வரி. விலாசத்தில் ஆள் இல்லை என்று 118 திரும்பி வந்தன. 61 பேர் நேரில் வந்தார்கள். அவர்களில் ஒன்பது பேருக்கு மருந்தை மாற்ற வேண்டியிருந்தது. இருபத்தாறு பேருடைய வீட்டிலிருந்து, இறந்துவிட்டார் என்று பதில் வந்தது. எந்த நோயால் என்று பதிலில் இல்லை. மிச்சம் 147 பேரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. தபால் அட்டை விஷயம் வெளியானதும் ஜெபகுமாரைக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவர் மறுப்புச் சொல்லவில்லை. பீரோவை 2005இல் பழைய இரும்புக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு முன் உள்ளே இருந்த அனைத்தையும் வேறொருவர் புது மெஷினுக்கு மாற்றினார். எந்த அட்டையை வைத்துச் சோதித்தீர்கள் என்று ஜெபகுமார் அவரிடம் மூன்று தடவை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

வருடாந்தரப் படம் மட்டும் நிற்கவில்லை. 2009 ஜூலையில் கவுன்டரில் போய் நின்றார். சாமுண்டீஸ்வரிக்கு நரை கண்டிருந்தது. எண்ணைக் கேட்காமலே அடித்தாள்.

"உங்களது எப்பவுமே டக்குனு வந்துடும் சார்."

அவர் சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து தாளை எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தார். மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டு போட்ட தாள். மெஷினுக்கு முன்னால் நின்று, சொன்னபோது மூச்சை அடக்கி, சொன்னபோது விட்டார். படத்தில் ஒரு குறையும் இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு தாளைத் திரும்பப் பைக்குள் வைத்தார். எல்லம்மாவின் கைக்குப் போக வேண்டிய அது இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.